இரவல் பலம்

கொடுங்கோலன் ஒருவனைத் தொலைப்பதற்காக வேறொருவனுடைய வாளை இரவல் வாங்கும் தேசம், கொடுங்கோலன் தொலைந்த மறுநாள் என்ன செய்யும்? வாளுக்குரியவன் தன் வாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்த வழியே போய்விடுவானா? விடுதலைக்குப் பாடுபடும் ஒவ்வொரு ஜாதியாரும் என்றேனும் ஒரு நாள் எதிர்கொள்ள நேரும் கேள்வி இது. சரித்திர நூல்களில் இதற்கு விடை தேடுவது வழக்கம். நாம் இன்று ஒரு கதைப் புஸ்தகத்தில் விடை தேட விரும்புகிறோம். அதுவும் மந்திரமும் தெய்வ ஆவேசமும் நிறைந்த கற்பனைக் கதை. அரசியல் பேசும் இந்தப் பக்கத்தில் மாயாஜாலக் கதைக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். முடிவுவரை படித்தபின் அவர்கள் தீர்ப்புக் கூறட்டும்.

நாம் குறிப்பிடும் நாவல் 'தி டிராகன் ரிபப்ளிக்', அதாவது 'டிராகன் குடியரசு' என்பது. 2019-ம் வருஷம் ஆங்கிலத்தில் வெளிவந்தது. எழுதியவர் ஆர். எஃப். குவாங் என்னும் பெண்மணி. 1996-ல் சீனத்துக் குவாங்ஜோ நகரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்கா சென்று வளர்ந்தவர். மூன்று பாகங்கள் கொண்ட கதையில் இது நடுப் பாகம். முதற் பாகம் 'தி பாப்பி வார்' 2018-லும், கடைப் பாகம் 'தி பர்னிங் காட்' 2020-லும் வெளிவந்தன. கதையில் வரும் நிக்கான் என்னும் பேரரசு பூகோளப் படத்தில் இல்லை. ஆயினும் அது சீனமே என்பதையும், முகென் என்பது ஜப்பானே என்பதையும், ஹெஸ்பீரியா என்பது மேனாட்டு வல்லரசுகளே என்பதையும் அறியப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. முதற் பாகத்தில் முகென் படைகள் ஒரு நகரில் புரியும் படுகொலையைப் படிப்பவர், 1937-ல் நான்கிங் பட்ட துயரத்தை நினையாமல் இருக்க முடியாது.

கதாநாயகி ரின், தென்பகுதியிலுள்ள ஓர் ஏழை மாகாணத்தில் வளர்ந்த அநாதைப் பெண், கறுத்த நிறத்தவள். பரீக்ஷையில் முதன்மையாகத் தேறித் தலைநகரின் யுத்தக் கலாசாலையில் இடம் பெறுகிறாள். நெருப்புத் தெய்வமான பீனிக்ஸின் ஆவேசம் அவள்மீது இறங்குகிறது. முதற் பாகத்தின் முடிவில், அந்த நெருப்பைக் கொண்டு முகென் தீவை ஜனங்களோடு எரித்துச் சாம்பலாக்குகிறாள். நடுப் பாகம் அந்தச் சாம்பலிலிருந்து தொடங்குகிறது. யுத்தம் ஓய்ந்தது, பகைவர் தொலைந்தனர், ஆனால் தேசம் விடுதலை பெறவில்லை. தன் நாட்டைப் பகைவருக்குக் காட்டிக் கொடுத்த சக்கரவர்த்தினி டாஜி இன்னும் சிங்காதனத்தில் இருக்கிறாள். ரின்னோ அபினிக்கு அடிமையாகிக் கிடக்கிறாள்.

இந்நிலையில் அவளைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறவர் யின் வைஸ்ரா என்னும் மாகாண அதிபதி. அவருடைய பேச்சைக் கேட்டால் நம்மில் யாருக்கும் மயிர்க்கூச்செறியும். முடியரசு ஒழிய வேண்டும். குடியரசு மலர வேண்டும். ஜனங்களே தம்மைத் தாம் ஆள வேண்டும்! இவற்றில் எந்த வார்த்தையை நாம் மறுக்க முடியும்? ரின் மறுக்கவில்லை. தன் நெருப்பை அவர் காலடியில் வைக்கிறாள். ஆனால் வைஸ்ராவின் குடியரசு நிற்கும் தூண் எது? குடியானவனா, படகோட்டியா, நெசவாளனா? அல்ல. கடலுக்கப்பாலுள்ள ஹெஸ்பீரியரின் கப்பல்கள். அவை வந்தால் குடியரசு உண்டு, வராவிட்டால் இல்லை. கதை முழுவதும் வைஸ்ராவின் கண் தம் ஜனங்களின் முகத்தில் இல்லை. தொடுவானத்தில் கப்பலின் பாய்மரம் தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஹெஸ்பீரியர் உடனே வந்துவிடவில்லை. நீங்கள் உதவிக்குத் தகுதியானவர்களா என்று முதலில் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள். அந்தப் பரிசோதனைக்கு ரின் தன் உடம்பையே கொடுக்க வேண்டியதாகிறது. பெட்ரா என்னும் சமய சகோதரி அவளை அளக்கிறாள், சோதிக்கிறாள், குறித்துக்கொள்கிறாள். மனிதரை ஆராய்வதுபோல் அல்ல, பிடிபட்ட மிருகத்தை ஆராய்வதுபோல். நிக்கான் ஜனங்கள் இயல்பிலேயே ஒழுங்கற்றவர்கள், அவர்களுடைய தெய்வங்கள் குழப்பத்தின் வடிவங்கள், தங்களுடைய கடவுள் ஒருவரே ஒழுங்கின் கர்த்தா என்பது அவளது சித்தாந்தம். நூலில் எத்தனையோ யுத்த வர்ணனைகள் உண்டு. அவற்றில் சிந்தும் இரத்தத்தைக் காட்டிலும் இந்த அமைதியான அறையில் நடக்கும் அளவெடுப்பே நம் மனத்தை அதிகமாகப் புண்படுத்துகிறது. அடிமைத்தனம் பீரங்கியோடு மட்டும் வருவதில்லை, அளவுகோலோடும் வரும். பிறன் கையிலுள்ள அளவுகோலுக்கு நம் தலையைக் குனிந்து கொடுக்கச் சம்மதித்த நிமிஷமே பாதி ராஜ்யம் போய்விட்டது.

நிற்க. இது வெறும் கதைதானே என்பார்க்குச் சீனத்தின் உண்மைச் சரித்திரத்திலிருந்தே ஓர் அத்தியாயத்தை நினைவூட்டுகிறோம். 1911 அக்டோபர் 10-ல் வூசாங் நகரில் புரட்சி வெடித்தது. 1912 ஜனவரி 1-ல் ஸன் யாட் ஸென் நான்கிங்கில் தற்காலிகத் தலைவராகப் பதவி ஏற்றார். பிப்ரவரியில் மஞ்சு சக்கரவர்த்தி முடி துறந்தார். ஆசியாவில் குடியரசு பிறந்தது என்று உலகம் வியந்தது. ஆனால் படை யாரிடம் இருந்தது? யுவான் ஷிகாய் என்னும் பழைய சேனாதிபதியிடம். ஆகவே தலைமைப் பதவியும் சில வாரங்களில் அவரிடம் போயிற்று. கஜானாவோ காலி. 1913 ஏப்ரலில், பார்லிமெண்டின் சம்மதமில்லாமலே, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ருஷ்யா, ஜப்பான் ஆகிய ஐந்து தேசத்துப் பாங்கிகளிடமிருந்து 2½ கோடிப் பவுன் கடன் வாங்கினார் யுவான். அந்தக் கடனின் நிபந்தனைகள் சீனத்தின் சுயாதிபத்தியத்தையே தொடுகின்றன என்று கூறி, அமெரிக்க ஜனாதிபதி வில்ஸன் தம் தேசத்துப் பாங்கிகளுக்கு ஆதரவளிக்க மறுத்தார். மற்றவர்கள் தயங்கவில்லை. 100 பவுன் பத்திரத்துக்குச் சீனத்தின் கைக்கு வந்தது 84 பவுன். வட்டியோ முழு நூறுக்கும்!

அந்தக் கடனுக்கு ஈடாக வைத்தது எதை? உப்பை! உப்பு வரியின் நிர்வாகத்தில் அந்நியர் மேற்பார்வை ஏற்பட்டது. மேற்பார்வைக்கு வந்தவர் யார் தெரியுமா? இந்தியாவில் உப்பு, கலால் இலாகாக்களின் தலைமை அதிகாரியாக இருந்த ஸர் ரிச்சர்ட் டேன்! இந்தியக் குடியானவனின் கஞ்சியில் விழுந்த உப்புக்கு வரி வாங்கிப் பழகிய கை, சீனக் குடியானவனின் கஞ்சிப் பாத்திரத்துக்குள்ளும் நீண்டது. 1930-ல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் ஒரு பிடி உப்புக்காகத் தேசம் ஏன் எழுந்தது என்பதை அறிந்த நம் நேயர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கடன் வந்த சில மாதங்களில், தம்மை எதிர்த்துக் கிளர்ந்த தென் மாகாணப் புரட்சிக்காரர்களை யுவான் அடக்கினார். 1915 டிசம்பரில் குடியரசுத் தலைவர் சக்கரவர்த்தி ஆகத் துணிந்தார். தேசம் கொதித்தெழவே மூன்று மாதத்தில் அந்த வேஷத்தைக் கலைத்து, 1916 ஜூனில் மாண்டார். மன்னர் போனார், குடியரசு என்ற பெயர் நின்றது, உப்புப் பணம் மட்டும் அந்நியப் பாங்கிக்குப் போய்க்கொண்டிருந்தது.

இரவல் படையின் குணமும் இரவல் பணத்தின் குணமே. நாவலில் ஹெஸ்பீரியக் கப்பல்கள் எப்பொழுது வருகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். நதியிலே வைஸ்ராவின் கப்பற்படை சிதறியபோது வரவில்லை. வீரர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டபோது வரவில்லை. ஆர்லாங் நகரம் தன் கடைசிச் சொட்டு இரத்தத்தையும் சிந்திய பிறகே வருகின்றன. தாமதம் தற்செயலன்று. களைத்தவன்தான் கேட்ட விலையைக் கொடுப்பான் என்பது வியாபாரிக்குத் தெரியும். முதல் உலக யுத்தத்தின்போது, நேசக் கட்சியாருக்கு உதவியாக ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள் ஐரோப்பாவில் பதுங்கு குழி வெட்டினார்கள், மூட்டை சுமந்தார்கள், மாண்டார்கள். 1917-ல் சீனம் ஜெர்மனிமீது யுத்தப் பிரகடனமும் செய்தது. அதற்குக் கிடைத்த சன்மானம் யாது? ஷான்டுங் மாகாணத்தில் ஜெர்மனிக்கிருந்த உரிமைகளை, 1919-ல் பாரிஸில் கூடிய சமாதான மகாநாடு ஜப்பானுக்குத் தூக்கிக் கொடுத்தது. அவ்வருஷம் மே 4-ல் பீகிங் மாணவர்கள் வீதியில் இறங்கியது அதனால்தான். வெர்ஸேல்ஸ் உடன்படிக்கையில் சீனப் பிரதிநிதிகள் கையெழுத்திட மறுத்ததும் அதனால்தான்.

இனி மந்திரத்துக்கு வருவோம். குவாங் அம்மையார் மந்திரத்தை வேடிக்கைக்காகச் சேர்க்கவில்லை. ரின்னின் நெருப்பும் வைஸ்ராவின் கப்பலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இரண்டும் வெளியிலிருந்து வரும் பலங்கள். தெய்வம் இலவசமாக இறங்குவதில்லை. அபினி வழியாக இறங்குகிறது. இறங்கியவரின் புத்தியைத் தின்கிறது. டாஜி முத்திரையிட்டு அடைத்ததும் ரின்னின் நெருப்பு அணைந்துபோகிறது. ஊரை எரித்தவள் ஒரு விளக்கைக்கூட ஏற்ற முடியாதவளாகிறாள். பிறர் பூட்டினால் பூட்டிக்கொள்ளும் பலம் நம் பலமாகுமா? பிறகு அவள் நெருப்பைத் திரும்பப் பெறுவது எப்படி என்பதில் ஆசிரியையின் கருத்து விளங்குகிறது. கிடாய் என்னும் நண்பன் தன் உயிரை அவள் உயிரோடு பிணைத்துக்கொள்கிறான். அவள் படும் வேதனையில் அவனும் பங்கு கொள்கிறான். ஆவேசத்துக்கு ஒரு மனிதனின் அன்பு நங்கூரமாகிறது. தெய்வ பலத்தையும் தாங்குவதற்கு மனித பந்தம் வேண்டும் என்பதே இதன் பொருளென்று நாம் கொள்கிறோம்.

உண்மைச் சீனத்திலும் ஆவேசம் இறங்கியது உண்டு. பஞ்சத்தாலும் அந்நியர் கொடுமையாலும் நொந்த வடசீனத்துக் குடியானவர்கள், தெய்வம் தங்கள்மீது இறங்கும், துப்பாக்கிக் குண்டு தங்களைத் தொடாது என்று நம்பி 1900-ல் கிளர்ந்தார்கள். அவர்களை மேனாட்டார் 'பாக்ஸர்' என்றழைத்தனர். குண்டு அவர்களைத் தொட்டது. எட்டு தேசத்துப் படைகள் ஆகஸ்டு 14-ல் பீகிங்கில் புகுந்து சூறையாடின. 1901 உடன்படிக்கையின்படி 45 கோடி டேல் வெள்ளி அபராதம். 39 வருஷத்தில் செலுத்த வேண்டும் என்று விதி. அந்தப் படைகளில் பிரிட்டிஷ் கொடியின்கீழ் நம் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதை வெட்கத்தோடு நினைவுகூர்கிறோம். அவர்களில் ஒருவர், 7-வது ராஜபுத்திரப் படையைச் சேர்ந்த கதாதர் சிங், 'சீனத்தில் பதின்மூன்று மாதம்' என்று பொருள்படும் தலைப்பில் 1902-ல் ஹிந்தியில் ஒரு புஸ்தகம் எழுதினார். தம்மைப் போன்ற ஆசியரே அழிகின்றனர் என்று அவர் உள்ளம் உருகியது. இரவல் படையில் இருந்த ஒரு வீரனுக்கே மனச்சாட்சி விழித்துக்கொண்டது. ஆனால் சிப்பாயின் மனச்சாட்சி படையின் பாதையை மாற்றவில்லை.

பாக்ஸர்களை மூடர் என்று நகைப்பது எளிது. நாம் நகைக்க மாட்டோம். ஆயுதமற்றவன் தெய்வத்தைக் கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடுவான்? மந்திரத்தை நம்பிய குடியானவனை நகைத்த அறிவாளிகளில் எத்தனை பேர், அந்நியன் கடனையும் அந்நியன் கப்பலையும் மந்திரமென நம்பினார்கள்! பின்னவர்களின் மூடநம்பிக்கைக்குக் கொடுத்த விலை குறைந்ததா?

இவ்விடத்தில் நியாயமான ஆக்ஷேபம் ஒன்று எழும். பலவீனமான தேசம் பிறர் உதவியை மறுத்துவிட்டு எப்படிப் பிழைக்கும்? தனித்து நின்று மடிவதா தேசபக்தி? அல்ல. உதவி வேறு, இரவல் பலம் வேறு. இரண்டையும் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். கணக்குப் புஸ்தகம் யார் கையில் இருக்கிறது? படைக்குக் கட்டளை யார் வாயிலிருந்து பிறக்கிறது? நாளைக்கு 'போதும், போய் வாருங்கள்' என்று சொல்ல நமக்குச் சக்தி உண்டா? மூன்றுக்கும் நம் பக்கமே விடை கிடைக்குமானால் தாராளமாகக் கை நீட்டலாம். ஒன்றுக்கேனும் எதிர்ப்பக்கம் விடை கிடைக்குமானால், நீட்டிய கையில் விலங்கு விழும் என்று அறிக.

இது பழைய காலத்துப் பேச்சு என்று யாரும் எண்ண வேண்டாம். 1898-ல் பிரிட்டிஷார் ஹாங்காங்கை ஒட்டிய பிரதேசத்தைச் சீனத்திடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தார்கள். 2017-ல் இலங்கையின் ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தை ஒரு சீனக் கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. இரண்டும் ஒன்றென நாம் சொல்லவில்லை. பின்னதற்குப் பீரங்கி தேவைப்படவில்லை. குத்தகை கொடுத்து நொந்தவன் ஒரு நூற்றாண்டில் குத்தகை எடுப்பவனாக மாறினான் என்பதைமட்டும் குறிக்கிறோம். இரவல் கொடுப்பவனுக்கு நிறம் இல்லை, திசை இல்லை. நேற்றைய துயரம் இன்றைய நீதிக்கு உத்தரவாதமும் ஆகாது.

நாவலில் மூன்று கேள்விகளுக்கும் விடை எதிர்ப்பக்கமே கிடைக்கிறது. தென்மாகாணங்களில் இன்னும் முகென் சிப்பாய்கள் கொள்ளையடித்துக் கொண்டிருக்கிறார்கள்; அவர்களை விரட்டப் படை கொடுங்கள் என்று தென்னாட்டு அதிபதிகள் கெஞ்சுகிறார்கள். 'யுத்தம் முடியட்டும்' என்கிறார் வைஸ்ரா. ஆர்லாங்கின் மதிலுக்கு வெளியே தென்னாட்டு அகதிகள் பசியோடு கிடக்கிறார்கள். குடியரசின் பெயரால் நடக்கும் யுத்தத்தில், குடிகளுக்கு மதிலுக்குள் இடமில்லை! முடிவில் வெற்றி கிடைத்ததும், ஹெஸ்பீரியர் வெறுக்கும் மந்திரவாதிகள் இனி வேண்டாதவர்களாகிறார்கள். ரின்னின் தோழர்கள் கொல்லப்படுகிறார்கள். வைஸ்ராவின் மகனும் அவள் நெடுநாள் தோழனுமான நெஜாவே அவளைக் காட்டிக் கொடுக்கிறான். விலங்கிலிருந்து தப்புவதற்குத் தன் கை ஒன்றையே அவள் இழக்கிறாள். வடக்கே எத்தனையோ பிரபுக்களுக்குச் சேவை செய்த அந்தக் கறுத்த பெண், தான் வெட்கி மறைத்த தெற்கை நோக்கி, தன் சொந்த ஜனங்களை நோக்கித் திரும்புகிறாள். நடுப் பாகம் அங்கே முடிகிறது.

நூலில் குறை இல்லாமலில்லை. யுத்த வர்ணனைகள் மிகுதி. ரின்னின் கோபம் சில இடங்களில் நம்மைக் களைப்படையச் செய்கிறது. அவள் எரித்த தீவில் சிப்பாய்கள்மட்டுமா இருந்தார்கள்? தாய்மாரும் குழந்தைகளும் இருந்தார்கள். அந்தப் பாவத்தை ஆசிரியை மறைக்கவில்லை; நடுப் பாகம் முழுவதும் அது ரின்னின் நித்திரையைக் கெடுக்கிறது. ஆயினும் அதிலிருந்து அவள் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொள்ளவில்லை என்பதே நம் அபிப்பிராயம். பகைவனின் கொடுமையை நாமும் கைக்கொண்டால், அதுவும் அவனிடம் வாங்கிய இரவல்தான். அதற்குரிய வட்டியைக் கடைப் பாகத்தில் அவள் செலுத்துகிறாள். யுத்தத்தில் ரின் ஜயிக்கிறாள். ஆனால் ஜயித்த தேசத்தில் சோறு இல்லை. வயல் எரிந்தது, களஞ்சியம் காலி. ஜனங்கள் பசியால் மடிய, கடைசியில் அவள் தன் உயிரைக் கொடுத்து, தேசத்தை நெஜாவின் கையில் விட்டுப் போகிறாள். மிஞ்சியவன் மறுபடியும் ஹெஸ்பீரியரிடம் கை நீட்ட வேண்டியதாகிறது.

அந்த முடிவைப் படித்துவிட்டு, விடுதலை முயற்சியே வீண் என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படிக் கொள்ளவில்லை. நெருப்பு பகைவனை எரிக்கும், நெல்லை விளைவிக்காது. கப்பல் கோட்டையைப் பிடிக்கும்; குடியை வாழ்விக்காது. களஞ்சியமும் கணக்கும் பள்ளிக்கூடமும் ஊர்ப் பஞ்சாயத்தும் ஜனங்களின் கையில் வளராத இடத்தில், எத்தனை புரட்சி வெடித்தாலும் எஜமானன் பெயர்தான் மாறும். அவற்றை வளர்ப்பது மெதுவான வேலை. அதில் ஆவேசமில்லை, வெற்றி முரசமில்லை. ஆனால் அதை ஒருவரும் முத்திரையிட்டு அடைக்க முடியாது. கொடுத்தவன் வந்து திருப்பிக் கேட்கவும் முடியாது.

குடியரசு, விடுதலை, முன்னேற்றம் என்று யார் கொடி பிடித்து வந்தாலும் அந்தக் கொடிக் கம்பத்தின் அடியைப் பாருங்கள் என்பதே பொதுக் காரியங்களில் உழைக்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது. அது நம் மண்ணில் ஊன்றியிருக்கிறதா, அன்றி யாருடைய கப்பலின் மேல்தட்டிலோ ஊன்றியிருக்கிறதா? ரின் அதைப் பார்க்கத் தவறினாள். ஒரு கையைக் கொடுத்துப் பாடம் படித்தாள். கையை இழக்குமுன் நாம் அதைப் படித்துக்கொள்வோமாக.